சாட்சித் தலை

இல்ல சார், அந்த ஸ்டூல் வேணாம், அது ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் ரிப்பேருக்கு வந்ததுதான், ஆனா காத்து நல்லா வரும். பயப்படாதீங்க, கழண்டு விழாது, நான் பாத்துட்டேன்.

வீடு மேலதான். இந்தப் படிதான். அவ ரெடியாயிட்டு இருக்கா. நீங்க கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டீங்கல்ல, அதான். தலை வார, துணி மாத்த யாரையும் கிட்ட விடமாட்டா. எல்லாம் தானே பண்ணிக்குவா, நேரம்தான் ஆகும். முடிஞ்சதும் மேலேர்ந்து கூப்பிடுவா. அதுவரைக்கும் டீ சொல்லியிருக்கேன், குடிச்சுட்டே இருங்க.

அந்தப் பையில என்ன சார், கனமா இருக்கு? ஓ, லேம்பா? சொந்த லேம்பே கொண்டாந்துட்டீங்களா.

நல்லது. இல்ல இல்ல, நல்லதுதான். எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு, அதான் கேட்டேன். அப்படி ஓரமா வெச்சுக்கங்க, இங்க வயரெல்லாம் காலத் தட்டும்.

நமக்கு வேல இதான் சார். மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், மோட்டாரு. வீட்டுல என்ன ட்யூப்லைட்டுன்னுதான் கூப்பிடுவா. தொழிலுக்காக வெச்ச பேருன்னு நெனச்சு கல்யாணமான புதுசுல பெருமையாத்தான் இருந்தேன். அது அந்த ட்யூப்லைட் இல்லன்னு புரியறதுக்கே கொஞ்ச நாளாச்சு. பாத்தீங்களா, நீங்களும் சிரிக்கிறீங்க.

அவளா? அச்சாபீஸ்ல பிழை திருத்துற வேல பாத்தா. கண்ணு அப்படி ஒரு கண்ணு. ஒரு தடவ மருந்து அட்டப்பெட்டி ஒண்ணு அச்சுக்கு வந்துது. ஒரு வேளைக்கு ஒரு மாத்திரைன்னு இருக்கணும். ஒரு வேலைக்கு ஒரு மாத்திரைன்னு அடிச்சிருந்தாங்க. ஆபீஸே படிச்சு சரின்னுட்டாங்க. இவதான் புடிச்சா. இப்படிப் போனா சோம்பேறிக்கு வியாதியே தீராது ஐயான்னாளாம் முதலாளிகிட்ட. அதோட விட்டாளா? அந்தக் கம்பெனிக்கு முன்னாடி அடிச்சுக் குடுத்த பெட்டியெல்லாம் எடுத்து உக்காந்து, அதே தப்பு எங்கெங்க இருக்குன்னு தேடினா. ஒரு பக்கத்துல ஒரு தப்பு கெடச்சா, மத்த பக்கத்துல அதே தப்பத் தேடற ஆளு சார் அவ. அது வியாதி மாதிரி.

தபால் தலை சேக்கறதும் அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சுது. அச்சு பாக்கற ஆசைதான். ஊருல ஒவ்வொருத்தரும் பறவ படம், பூ படம், கப்பல் படம்னு சேக்கறாங்க. இவ மட்டும் பிரிட்டன் ராணியம்மா தலை ஒண்ணயே சேத்தா. அதே அம்மா, அதே கிரீடம், எப்பவும் இடது பக்கம் பாத்துட்டு. கலர் மாறும், மூலையில நம்பர் மாறும், அவ்ளோதான். கிலோ கணக்குல பாக்கெட் வரும், தண்ணியில ஊறப் போட்டு உரிச்சு, துண்டு மேல காய வெச்சு. நான் கேட்டேன், ஏம்மா, ஒரே மூஞ்சிய இத்தன தடவ பாத்தா சலிக்கலையான்னு. உன் மூஞ்சியையும்தான் பாத்துட்டு இருக்கேன்னா.

உங்களுக்குத் தெரியாததா சார். நான் சொல்லிட்டுப் போறேன் பாருங்க. ஆனா எனக்கு அவ சொல்லிக்குடுத்த மாதிரி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நம்பரோட ஓரத்த லென்ஸ் வெச்சுப் பாக்கணும். கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இருந்தா ஒரு விதமான அச்சு, எலி கொறிச்ச மாதிரி இருந்தா இன்னொரு விதம். ஓரத்துப் பல்லு வரிசையில ரெண்டு பக்கமும் முட்டை வடிவத்துல ஒரு ஓட்டை இருந்தா பின்னாடி வந்தது, இல்லன்னா முன்னாடி வந்தது. ஒட்டாத தலைன்னா திருப்பிப் பாக்கணும், பசை மின்னுதா, மங்கலா இருக்கான்னு. பேப்பருக்கும் அப்படித்தான். விளக்குல காட்டினா ஒண்ணு தும்பப்பூ மாதிரி வெளுப்பா எரியும், ஒண்ணு செத்த மாதிரி கெடக்கும்.

கண்ணு மங்க ஆரம்பிச்சப்புறம்தான் சார் இதெல்லாம் எனக்குச் சொல்லிக்குடுத்தா. முதல்ல ஓரமெல்லாம் போச்சு. பக்கத்துல ஆள் வந்து நின்னா தெரியாது. அப்புறம் நடுவுலயும் புகமூட்டம். கண்ணுக்குள்ள ப்ரெஷராம். வெளிச்சம் தெரியும், ஆள் நிக்கறது நிழலாட்டம் தெரியும். எழுத்து போச்சு. கலர் போச்சு. அச்சாபீஸ நிறுத்திட்டா. தலைய நிறுத்தல. நீ பாரு, நான் சொல்றேன்னுட்டா.

இப்ப அப்படித்தான் வேல நடக்குது. ஜன்னல் பக்கத்துல மேஜ. அவ கேப்பா, நான் பாத்து சொல்லணும். நான் பிரவுன்னு சொன்னா, என்ன பிரவுன்? காஞ்ச மண்ணா, நனஞ்ச மண்ணான்னு கேப்பா. நனஞ்ச மண்ணுன்னு சொன்னா, மழையில நனஞ்சதா, கொடத்துல ஊத்தினதான்னு கேப்பா. கிண்டல் இல்ல சார், நெஜமாவே வித்தியாசம் இருக்கு. நான் தெரியலன்னு சொன்னா அந்தத் தலைய தனியா ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டுடுவா. தப்பா சொல்றதுக்குத் தெரியலன்னு சொல்றது மேலும்பா.

அதுல ஒரு சட்டம் வெச்சிருந்தா. விளக்குக்குக் கீழ எந்தத் தலைய வெச்சாலும், பக்கத்துல இன்னொரு தலை வெக்கணும். நல்லாத் தெரிஞ்ச தலை, சந்தேகமே இல்லாத தலை. அதுக்கு சாட்சின்னு பேரு. சாட்சித் தலை. சாட்சியப் பாக்காம தீர்ப்பு சொல்லாத ட்யூப்லைட்டும்பா. ஒவ்வொரு தடவயும் கேப்பா, சாட்சி என்ன சொல்லுதுன்னு.

டீ வந்துடுச்சு, எடுத்துக்கங்க. சூடா இருக்கும், பாத்து.

அந்தக் கோடு விஷயத்துக்குத்தான வந்திருக்கீங்க. அந்த ஊருல தபால் பிரிக்கற மெஷினுக்குக் கண்ணு கெடையாதுல்ல. தலை மேல கண்ணுக்குத் தெரியாம ரெண்டு கோடு தடவியிருப்பாங்க, வேகமாப் போற தபாலுக்கு. மெதுவாப் போறதுக்கு ஒத்தக் கோடு. மெஷின் விளக்கடிச்சு, கோடு ஒளிர்றதப் பாத்துதான் பிரிக்கும். எங்கயாவது கோடு தடவாம விட்டுப்போன தலை ஒண்ணு வெளிய வந்துட்டா, அதத்தான் உங்க ஆளுங்கெல்லாம் தேடிட்டு இருக்கீங்க. இவளும் தேடினா. கண்ணு நல்லா இருந்த காலத்துலேர்ந்து, தலை ஊறப் போடும்போதெல்லாம் ஒரு பாட்டு முனகுவா, வெறும் தலையே வா, வெறும் தலையே வான்னு. ராகமே இருக்காது.

சரி சார். நீங்க மேல போறதுக்கு முன்னாடி ஒரு சமாச்சாரம். அதுக்குத்தான் உங்கள இங்க உக்கார வெச்சேன். தலை வாரி முடிச்சிருப்பா, அது வேற.

இந்த டிராயரப் பாருங்க. இது என்ன ட்யூப் தெரியுதா? ஆங், கரெக்டு. கண்ணாடி பளிங்கு மாதிரி, உள்ள இருக்கறதெல்லாம் தெரியுது. இதான் கோடு பாக்கற ட்யூப். எங்க லேம்புல இருந்தது ஃப்யூஸ் போயிடுச்சு. நான் எலக்ட்ரீஷியன் இல்லையா, எனக்குத் தெரியாததா? நீளத்த அளந்தேன், வாட் பாத்தேன், பின் பாத்தேன், எலக்ட்ரிக் சாமான் கடையில அதே சைஸ்ல ஊதாவா எரியற ட்யூப் ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். மாட்டினா, பழச விட அழகா எரியுது சார். ஊதா. சினிமா கொட்டாய் மாதிரி. பெருமையா வேற சொன்னேன், உன் லேம்புக்கு உயிர் குடுத்துட்டேன்னு.

ஆமா சார். அதேதான். நோட்டு பாக்கற ட்யூப். கள்ள நோட்டக் கண்டுபுடிக்க வெப்பாங்களே, அது. அதுல பேப்பர் வெளுப்பு தெரியும். இந்தப் பழைய தலைங்களோட கோடு தெரியாது. ஒண்ணுலயும் தெரியாது. அது எனக்கு அன்னைக்குத் தெரியாது.

அன்னைக்கு அவ ஒரு தலைய நீட்டினா. கோடு பாருன்னா. வெச்சேன். ஒண்ணுமே இல்லன்னேன். அவ கை அப்படியே நின்னுடுச்சு சார். திருப்பிப் பாருன்னா. இல்லம்மா, மொட்டையா இருக்குன்னேன். சாட்சி வெச்சியான்னா. வெச்சேன்னேன். வெச்சிருந்தேன் சார், அது நெஜம். பக்கத்துலதான் வெச்சிருந்தேன். அதே நேரத்துல கீழ ஒருத்தர் ஷட்டரத் தட்டறாரு, தண்ணி மோட்டார் வேலைக்கு வந்தவரு, தட்டுன்னா தட்டு, கதவே பேந்துடும் போல. அவ கேக்கறா, சாட்சியில கோடு தெரியுதான்னு. நான் அதுக்குள்ள எழுந்திருச்சுட்டேன். படிக்குத் திரும்பிட்டேன். திரும்பிக்கிட்டே, தெரியுது, ரெண்டு கோடும் பளிச்சுன்னு தெரியுதுன்னு சொல்லிட்டேன்.

பாக்கல சார். பாக்காமயே சொன்னேன்.

தெரியுதுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். அந்தப் பளிச்சுன்னு எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்கே தெரியல. யாரு கேட்டா அந்தப் பளிச்ச?

மோட்டார முடிச்சுட்டு மேல போறேன், அவ உக்காந்து அழுதுட்டு இருக்கா. நான் பயந்துட்டேன். சந்தோஷம் சார். கண்ணு போனப்புறம் அப்படி அவள நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு சாயங்காலம் செவுத்தத் தொட்டுக்கிட்டுத் தனியா இந்தப் படியில எறங்கி வந்தா, கடையில உக்காந்தா, வந்தவங்ககிட்டெல்லாம் சொன்னா. மிக்ஸி வாங்க வந்தவங்களுக்கு ராணியம்மா தலையப் பத்தி என்ன தெரியும்? அவங்களும் அப்படியாம்மான்னு கேட்டாங்க. அப்புறம் உங்க தபால் தலை சங்கத்துக்குப் போன் போட்டா. நீங்க நேர்ல வந்து பாக்கறேன், சரியா இருந்தா நம்ம பத்திரிகையில அவங்க பேருல போடலாம்னு சொன்னீங்களாமே. கட்டுரையே தயார் சார். மனசுலயே எழுதி வெச்சிருக்கா. கமா எங்க வரணும்னு வரைக்கும். எனக்குத் தினம் சொல்லிக் காட்டறா. அதுல நான் வர்றேன். இந்தத் தலையைச் சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் என் கணவர்னு ஒரு வரி வருது.

எப்பத் தெரிஞ்சுதா? அந்த எலக்ட்ரிக் கடைக்குத் திரும்பப் போனேன். வேற யாரோ தலை சேக்கறவரு ட்யூப் வாங்கறாரு, கோடு பாக்கறதுக்கு இது ஆகாதுப்பா, அதுக்குப் பளிங்குக் கண்ணாடி ட்யூப் வேணும்னு கடக்காரர் அவர்கிட்ட சொல்லிட்டு இருக்காரு. வீட்டுக்கு வந்து, அவ தூங்கறப்ப, அந்தத் தலைய ஜன்னல்கிட்ட கொண்டு போயி, கண்ணு மட்டத்துக்கு சாச்சுப் புடிச்சேன். அவ சொல்லிக்குடுத்த வித்ததான். சாச்சா, வழவழப்புல கோடு மட்டும் மங்கலாத் தெரியும். ரெண்டு கோடு சார். வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. ராணியம்மா ரெண்டு கம்பிக்கு நடுவுல ஜெயில்ல உக்காந்திருக்காங்க. பக்கத்துல சாட்சியையும் சாச்சேன். அதுலயும் அதே ரெண்டு.

சரியான ட்யூப்ப அன்னைக்கே வாங்கிட்டேன். இதோ, இதுதான். காலையில பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மேல போவேன், இன்னைக்குச் சொல்லிடணும்னு. கட்டுரையில ஒரு வரிய மாத்தியிருக்கேன், கேளும்பா. கேப்பேன். ட்யூபோட கீழ எறங்கி வந்துடுவேன். தினமும் அது மேலயும் கீழயும் போய்ட்டு வருது, வாடகைக்கு இருக்கற ஆள் மாதிரி.

இல்ல சார், நான் உங்களப் பொய் சொல்லச் சொல்லல. அய்யய்யோ. உங்க லேம்ப்ல கோடு தெரியும், தெரியறதச் சொல்லுங்க. ட்யூப் தப்புன்னு சொல்லுங்க. மாட்டினவன் முட்டாள்னு சொல்லுங்க, நான் பக்கத்துல நின்னு ஆமான்னுடறேன். அவ அழுவா. அப்புறம் ட்யூப்லைட்டே, ட்யூபே தெரியாத ட்யூப்லைட்டேன்னு திட்டுவா. அது பரவாயில்ல. அது ஒரு வாரத்துல சிரிப்பாயிடும்.

அதுக்கு அடுத்து ஒண்ணு கேப்பா பாருங்க. அதான் சார் விஷயம். இந்த ட்யூப்ல கோடே தெரியாதுன்னா, சாட்சியில மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பா. அந்தக் கேள்விக்கு மட்டும் நீங்க ஏதாவது சொல்லணும். பின்னாடி வந்த தலைங்கள்ல சிலது நோட்டு ட்யூப்லயும் ஒளிரும்னு அவளே சொல்லியிருக்கா. சாட்சி அந்த ஜாதியா இருந்திருக்கும்னு...

ஆமா. சாட்சியில அந்த முட்டை வடிவ ஓட்டை இல்ல. பழைய தலைதான். சாட்சிய எடுத்துக் குடுத்ததே அவதான், விரலால ஓரத்தத் தடவிப் பாத்து. ஏமாறமாட்டா. நானும் யோசிச்சேன், நடக்காதுன்னு தெரியும். உங்ககிட்ட ஒரு வழி இருக்குமோன்னு ஒரு நப்பாசை.

சின்ன விஷயம்தான் சார். நீங்க சொல்றது சரி. பாக்காம ஆமான்னு சொல்றது ஊருல நடக்காத விஷயமா? கஸ்டமர் கேட்டா, கேட்டேன் சார், ஸ்பேர் நாளைக்கு வருதுன்னு நான் தினம் சொல்றேன். வேற வீடா இருந்தா இத உங்ககிட்ட சொல்லக்கூட மாட்டேன்.

ஆனா இவ பிழை திருத்துறவ. போன வாரம் கட்டுரை சொல்லிக்கிட்டே இருந்தா, திடீர்னு நிறுத்தினா. ஒண்ணு கவனிச்சியா, பளிச்சுன்னுங்கற வார்த்தைய நீ ரெண்டே தடவதான் என்கிட்ட சொல்லியிருக்க, ரெண்டும் நல்ல சேதிங்கறா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஒரு பக்கத்துல அந்த வார்த்த தப்புன்னு தெரிஞ்சா, இன்னொரு பக்கத்த எடுக்க அவளுக்கு எவ்ளோ நேரமாகும்?

கேட்டுதா? கூப்பிடறா. இதோ வந்துட்டோம்மா! சார் டீ குடிச்சுட்டு இருக்காரு!

வாங்க சார். லேம்ப நான் தூக்கிக்கறேன், குடுங்க. அந்தச் சுவிட்சு பக்கம் கைய வெக்காதீங்க, மூடி இல்ல. நீங்க பாக்கறதச் சொல்லிடுங்க, நான் தடுக்கல. தடுக்கவும் முடியாது. ட்யூப்பயும் கையிலயே எடுத்துட்டு வர்றேன்.

ஒண்ணே ஒண்ணு. அந்த பிஸ்கட் டப்பாவத் தொறந்து காட்டுவா. நான் தெரியலன்னு சொன்ன தலையெல்லாம் அதுலதான் இருக்கு, ரொம்பிப்போச்சு. ஆபரேஷன் முடிஞ்சதும் இதெல்லாம் நானே பாத்துக்குவேன், இந்த ட்யூப்லைட்ட நம்பி ஆகாதும்பா. நீங்க எப்ப ஆபரேஷன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கண்ணுல ப்ரெஷர் எறங்கட்டும், ஆபரேஷன் பண்ணா பளிச்சுன்னு தெரியும்னு டாக்டர் வராண்டாவுல என்கிட்ட சொன்னாருன்னு நெனச்சுட்டு இருக்கா. டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லல சார், நான்தான் சொன்னேன். இங்க படி கொஞ்சம் வளையும், தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க.